லூர்துசெல்வி வைத்திருந்த நாலு சாட்சி

லூர்துசெல்விக்கு வீம்பு அதிகம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும். அவளுக்கு இருந்தது வீம்பு என்றால் எனக்கு இருந்ததற்கு என்ன பெயர் என்று யாராவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். பன்னிரண்டாவது முடித்த பிறகு ஒரு வருஷம் தினமும் முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிக் கம்ப்யூட்டர் படித்தாள். பஸ் ஏறினாலே குமட்டுகிற உடம்பு அது. ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்குவாள், சாயங்காலம் அதே பழத்தோடு ஏறுவாள். ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை.

எங்கள் மலையில் ஒண்டிக்கடை என்கிற முக்கிலிருந்து கொஞ்ச தூரம் மேலே ஏறினால் அப்போது ஒரு சின்ன மிஷன் மருந்தகம் இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள், பெயர் வேண்டாம். 1994இல் அங்கே அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். வயது இருபத்திரண்டு. "ஒரு வருஷம் பாப்போம்மா, அப்பறம் நிரந்தரம்" என்று நிர்வாகி ஞானசுந்தரம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷம் நல்லபடியாக முடிய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இல்லாவிட்டால் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கத்தான் போக வேண்டும், அதை அவள் அம்மா தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

நான் செல்லப்பன். அதே மருந்தகத்தில் காசநோய்க்காரர்களுக்கு ஊர் ஊராக மாத்திரை கொண்டுபோகிறவன். மாத்திரைக்காரர் என்றால் கரடியூர் முதல் வாழவந்தி வரை நாய்க்குக்கூடத் தெரியும். மாத்திரை வாங்க வராமல் விட்டவர்கள் யார் என்ற பட்டியலை, சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கம்ப்யூட்டரே ஊர்வாரியாக அடுக்கி அச்சடித்து வைக்கும். திங்கள் காலை லூர்துசெல்வி அதைக் கிழித்து என் கையில் தருவாள். நான் பஸ் ஏறுவேன். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த வீட்டுக்குப் போவேன், மாத்திரை கொடுப்பேன், ஏன் வரவில்லை என்று சண்டையும் போடுவேன்.

அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று விழ ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க எண்களாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஞானசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

"எந்தப் பட்டனைம்மா தட்டுனே?"

"நான் எதும் தட்டலீங்க சார்."

"தட்டாம எப்படி உழுகும்?"

போய்த் தன் நோட்டில் தேதி போட்டு எழுதுவார்: ஆபரேட்டர் கவனக்குறைவு. செப்டம்பர் கடைசிக்குள் அப்படி நாலு வரி சேர்ந்துவிட்டது.

மெஷினைப் பார்த்துக்கொள்ள சேலத்திலிருந்து வருகிற என்ஜினியர் பெயர் வேடியப்பன். அவர் முதலிலேயே அவளுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். உள்ளே எல்லா வேலையையும் மேய்க்கிற கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். தாங்க முடியாத கோளாறு வந்தால் அது நின்றுவிடும். நிற்கும்போது மெமரியில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் டிஸ்க்கில் கொட்டிவிட்டுத்தான் நிற்கும். அதற்கு டம்ப் என்று பெயர். மறுபடி கிளப்பும்போது இதைச் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்கும். வைத்தால், எங்கே விழுந்தது, எதனால் விழுந்தது என்று பின்னால் அவர் வந்து பார்த்துச் சொல்ல முடியும்.

"ஒண்ணு வெச்சுக்கிட்டாப் போதும்ங்க. டம்ப் ஒண்ணு எட்டு எம்.பி. இருக்கற காலி எடமே முப்பத்தஞ்சுதான். பழசை அழிச்சுப்போட்டுப் புதுசை வெச்சுக்கங்க" என்றார். அவள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். நானே பார்த்தேன்.

ஆனால் அவள் நாலையும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவை விழுந்ததற்கும் ஞானசுந்தரம் நோட்டில் ஒரு வரி இருக்கிறது, ஒவ்வொரு வரிக்கும் தன்னிடம் ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. "ஒண்ணை அழிச்சா அந்தத் தடவைக்கு மட்டும் நீதான்னு சொல்லுவாருங்கண்ணா" என்றாள். சொல்லக்கூடிய ஆள்தான் அவர். முப்பத்தைந்தில் முப்பத்திரண்டு போய்விட்டது. சனிக்கிழமைப் பட்டியலை அடுக்குவதற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் காலி இடம்தான் வேண்டும்.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை அவள் வந்து பார்த்தபோது, திரையில் இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றிருந்தது. ஒரு டம்ப்பை அழிக்கக் கையை வைத்தாள். வேடியப்பன் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. மூன்று நாள்தானே என்று கையை எடுத்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல், பட்டியலைக் கிழித்துத் தரும்போது என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, லிஸ்ட் சரியா இருக்குதுங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். எப்போதும் மூன்று பக்கம் வருவது இரண்டு பக்கம்தான் இருந்தது. ஆங்கில எழுத்து வரிசையில் கடைசியாக வருகிற வாழவந்தியில் ஒரு பெயர்கூட இல்லை. அந்த ஊரில் வாரத்துக்கு நாலு பேராவது டிமிக்கி கொடுப்பார்கள், அது எனக்குத் தெரியும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாழவந்திக்குப் போகவில்லை என்றால் இரண்டு மணி பஸ்ஸில் வீடு சேர்ந்துவிடலாம். எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு" என்றேன்.

மலைப்பாதையில் மண் சரிந்து வேடியப்பன் அந்த வியாழனும் வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் அவள் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பொய்யை மாற்றிச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

வாழவந்தியில் மருதாயி என்று ஒருத்தி. முப்பது வயது இருக்கும். இரண்டு மாத மாத்திரையில் இருமல் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சாமை அறுப்பும் வந்துவிட்டது, அதோடு மருந்தகத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். முன்னேயும் ஒரு தடவை அப்படி விட்டவள்தான். அப்போது பட்டியலில் பெயர் வந்தது, நான் போய்க் கத்தினேன், சிரித்துக்கொண்டே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் போகவில்லை. நான்காவது வாரம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். மண் சரிந்த பாதையை விட்டு, எஸ்டேட் ஜீப்பில் கரடுமுரடான சுற்றுவழியாகச் சேலத்துக்குக் கொண்டுபோகும்போது பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது.

அவள் புருஷன் பொன்னுவேல் மருந்தகத்து வாசலில் வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஏனுங்க மாத்திரைக்காரரே, எப்பவும் வருவீங்களே, இந்த மாசம் எங்க ஊட்டுப் பக்கமே காணோமே?"

"லிஸ்ட்ல பேரு வரலீங்க" என்றேன்.

அதைக் கேட்டதும் லூர்துசெல்வி உள்ளே ஓடிப் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பாதை திறந்து வேடியப்பன் வந்தார். நாலு டம்ப்பையும் பார்த்தார். அரை நாளில் முடிந்தது. "நாலு தடவையும் ஒரே எடத்துல உழுந்திருக்குதுங்க. மெஷினுக்குள்ள திரையையும் கீபோர்டையும் சேர்க்கற டெர்மினல் கார்டு கெட்டுப்போச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. ரிப்போர்ட்ல அப்படியே எழுதறேன்" என்றார். இதைக் கேட்கத்தான் அவள் மூன்று மாதமாகக் காத்திருந்தாள்.

"அடுக்கறதுக்கு எடமில்லாம லிஸ்ட் பாதியில நின்னது? அதையும் எழுதோணும்ங்க" என்றாள்.

வேடியப்பன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது எதுக்குங்க? கார்டு கோளாறுன்னு ஒரே வரியில போயிரும். யாரும் நோண்டமாட்டாங்க. வேல தங்குமுங்க உங்களுக்கு."

"நான் டம்ப்பை அழிக்காம வெச்சதுனாலதான் எடம் இல்லாமப் போச்சு. ஒண்ணு போதும்னு நீங்க சொல்லியிருந்தீங்க. எழுதுங்க."

எழுதினார். ஞானசுந்தரம் அதை இரண்டு முறை படித்தார். நோட்டில் தான் எழுதிய நாலு வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டது வேறு. "சரிம்மா, மூணு பக்கம் வர்ற லிஸ்ட் நாலு வாரமா ரெண்டு பக்கமா வந்திருக்குது. ஒருத்தர் கண்ணுலயுமா படலை?"

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் காட்டுவாள் என்று நினைத்தேன், காட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தாங்க சார் பாத்திருக்கோணும்" என்றாள்.

எனக்கு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், பதினாறு வருஷ சர்வீஸ். இதையெல்லாம் அந்த நிமிஷத்தில் வரிசையாக நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கப் போனாள். பிறகு ஆத்தூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனதாகக் கேள்வி. நான் அதே மருந்தகத்தில் ஓய்வுபெற்றேன், மாலையெல்லாம் போட்டார்கள். அவளை அனுப்பிய அன்றைக்குக் கம்ப்யூட்டர் அறைச் சாவியை என் கையில் கொடுத்தபோது அவள் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் ஓரளவு தூக்கம் வந்திருக்கும்.

"வாழவந்திக்குப் போறப்ப லிஸ்ட்ல இல்லாட்டியும் எல்லா ஊட்லயும் ஒருக்கா எட்டிப் பாருங்கண்ணா" என்றாள்.

சரி கண்ணு என்றேன். லிஸ்ட் சரியாக இருக்கிறது என்று சொன்ன அதே வாயால்தான்.