வேலிக்கு இருபுறமும் சங்குப்பூ

தேங்காய்ப்பாலில் வேகும் ஒட்டரிசியோடு பாண்டான் இலையின் மணமும் சேர்ந்து வந்தால், ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுப் பின்வேலிதான் இன்றும் என் கண்முன் வரும். எழுபதுகளின் கடைசியில் அப்பா விடிந்ததும் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போய்விடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பினாங்கில் சொந்தமென்று ஒருவரும் இல்லாத அம்மாவுக்குப் பேச்சுத்துணை, வேலிக்கு அப்பால் குடியிருந்த ஃபாத்திமா மாமி மட்டும்தான்.

அந்த வேலி முழுக்கச் சங்குப்பூ படர்ந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பூவை அம்மா குளித்துவிட்டுப் பறித்துப் பிள்ளையார் படத்துக்கு வைப்பார். தன் பக்கத்துப் பூவை மாமி என்ன செய்கிறார் என்று அம்மா கேட்டதே இல்லை. ஒருநாள் மாமி, தான் காலையில் "பசார்" சந்தை முனையில் விற்கும் "புலுட்" என்ற ஒட்டரிசிப் பலகாரத்தை ஒரு தட்டில் நீட்டினார். அரிசி பாதி வெள்ளை, பாதி நீலம். நம் வேலிப் பூவின் சாறுதான் என்று மாமி சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"சாமிக்கு வைக்கிற பூவை ஆரும் சோத்தில போடுவினமே?"

"கண்ணுக்குக் குளிர்ச்சிலா அக்கா, ஒடம்பையும் காக்கும். சாமி வேணாம்னா சொல்வாரு?"

அம்மா தட்டைத் தொடவில்லை, சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டார். மறுநாளிலிருந்து மாமி பூப் பறிக்கவில்லை. பேச்சும் நின்றது. துணி காயப்போடும்போதுகூட இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண எனக்கு அழுகையாக வரும்.

சில நாளில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்சந்துச் சாக்கடையில் சலவை நீலம் கரைத்தாற்போல் தண்ணீர் ஓடியது. மாமியின் குழாயடியில் காலியான கடைச்சாயப் புட்டி ஒன்று கிடந்தது. நீலம் இல்லாத "புலுட்"டை யாரும் வாங்குவதில்லை, பாவம், அவரும்தான் என்ன செய்வார்? அம்மா அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லோ வாங்கித் தின்னுதுகள்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

மறுநாள் காலை அம்மா இரண்டு பக்கத்துப் பூவையும் பறித்து, பாதியைப் பிள்ளையாருக்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கிண்ணத்தில் மாமியின் பக்கம் வைத்தார். சிறிது நேரத்தில் அதே கிண்ணம் நீல அரிசியோடு திரும்பி வந்தது. சாமியின் பூவைத் தின்னவும் மனம் வரவில்லை, மாமியின் கையைத் தட்டிவிடவும் மனம் வரவில்லை. அம்மா கிண்ணத்தைப் பிள்ளையார் முன் வைத்துக் கும்பிட்டார். இனி அது பிரசாதம்தானே? அங்கேயே உட்கார்ந்து மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பிறகு போய்ச் சன்னலைத் திறந்தார்.

இன்று அந்த வரிசை வீடுகள் தங்கும் விடுதியாகிவிட்டன. வேலியும் இல்லை, அம்மாவும் மாமியும் இல்லை. போன வாரம் மகள் அங்கிருந்து சங்குப்பூ போட்ட நீலத் தேநீர் வாங்கி வந்து, "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்காம்லா, குடிங்கம்மா," என்றாள். நான் கோப்பையை வாங்கிச் சாமிப் படத்தின் முன் வைத்தேன்.

"டீயப் போய் எதுக்கும்மா சாமிக்கு வைக்கிறீங்க?"

"பக்கத்து வீட்டு மாமி குடுத்தா நாங்க அப்படித்தான் சாப்பிடுறது," என்றேன்.