மூணாவது தடவை கேட்காத ஊர்

இந்த நாட்டில் காப்பியோடு ஒரு பிஸ்கட் தருவார்கள். ஒன்றே ஒன்று. தகர டப்பாவைத் திறந்து நம் முன்னால் நீட்டுவார்கள், நாம் ஒன்றை எடுத்ததும் டப்பென்று மூடி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள், இவர்களுடைய ஒழுங்கு அப்படி. என் வருத்தம் ஒன்று கொடுத்தார்கள் என்பதல்ல. அந்த ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். டப்பா என் பக்கம் திரும்பியதுமே வாய் தானாக "வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடும். சொல்லி முடிக்குமுன் மூடி விழுந்துவிடும். மண்ணைப் பற்றிப் படிக்க நெதர்லாந்துக்கு வந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது. முதல் ஒரு மாசம் நான் பிஸ்கட்டைப் பார்த்திருக்கிறேனே தவிர, தின்றதில்லை.

குற்றம் அம்மாவுடையது. சின்ன வயசில் கயத்தாற்று அத்தை வீட்டுக்குக் கிளம்பும்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்தே பாடம் எடுப்பாள். "ஏலே, அத்த எதையாவது நீட்டுனா காணாததக் கண்டது கணக்கா வாங்கித் திங்காத. வேண்டாம்னு சொல்லு. மறுபடி சொல்லுவா, அப்பவும் வேண்டாம்னு சொல்லு. மூணாவது தடவதான் கைய நீட்டணும். நாம என்ன சோத்துக்கு இல்லாமயா வந்துருக்கோம்?" ஒருதரம் பசியில் மறந்து முதல் தடவையே முறுக்கை வாங்கிவிட்டேன். தொடையில் விழுந்த கிள்ளில் முறுக்குக்கு ருசியே இல்லாமல் போயிற்று. அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை. நான் ஒழுங்காக இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்னால், "என்ன மதினி, பிள்ளைக்கு எங்க வீட்டுப் பலகாரம் எறங்காதோ?" என்று அம்மாவை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் தட்டை என் மடியில் வைப்பாள். அப்பாவின் உரக்கடையிலும் இதே நாடகம்தான். குளத்தூரிலிருந்து உரம் வாங்க வருகிற சம்சாரி "காப்பி வேண்டாம் அண்ணாச்சி, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லும்போதே எதிரில் உள்ள காப்பிக்கடைக்கு அப்பா கையைக் காட்டியிருப்பார். சம்சாரி வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் அவர் அடுத்த வருஷம் வேறு கடைக்குப் போயிருப்பார். கல்யாணப் பந்தியில் போதும் என்று இலைமேல் கையை விரித்தால், விரல் இடுக்கு வழியாக ரசம் ஊற்றுகிற ஊரில் வளர்ந்தவன் நான். வேண்டாம் என்ற சொல்லுக்கு இப்படி உடனடியாகப் பலன் கிடைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற ப்ராம் இந்த ஊர்ப் பையன். நல்ல மனுஷன். வந்த புதிதில் என்னைத் தன் பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனான். உருளைக்கிழங்கும் கீரையும் மசித்த ஒன்றை அவன் அம்மா ஒரு கரண்டி வைத்தார். நன்றாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். "ஐயோ, போதும்" என்றேன். "சரி" என்று சொல்லி, பானையை மூடி, ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். அடுத்த தடவைக்காக நான் கரண்டியைப் பிடித்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்தது தட்டு கழுவுகிற துணி. வீட்டுக்குத் திரும்பியதும் நான் நின்றவாக்கிலேயே அரைப் பாக்கெட் ரொட்டியைத் தின்றதைப் பார்த்து, "என் அம்மா சமையல் பிடிக்கவில்லையா?" என்று ப்ராம் கேட்டான். "ரொம்பப் பிடித்தது, அதனால்தான் வேண்டாம் என்றேன்" என்றேன். அவன் மீதிப் பாக்கெட்டையும் என் பக்கம் தள்ளினான்.

போகப்போகத் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிஸ்கட்டை முதல் நீட்டலிலேயே எடுக்கப் பழகினேன். எடுக்கும்போது தொடை மட்டும் கொஞ்சம் கூசும். ஆனால் பழக்கம் பிஸ்கட் அளவுக்குத்தான் மாறியிருக்கிறது என்பது பேராசிரியை மரைக்கேயிடம் மாட்டியபோதுதான் தெரிந்தது.

மரைக்கேயின் ஆராய்ச்சி களிமண் வெடிப்பு பற்றியது. எந்நேரமும் நனைந்து கிடக்கிற இந்த நாட்டிலும் இப்போது கோடையில் மழை தவறுகிறது, களிமண் நிலம் விரல் நுழைகிற அளவு பிளக்கிறது, இவர்கள் பதறிப்போகிறார்கள். விரல் நுழைகிற வெடிப்புக்கே பதறுகிறவர்களை எங்கள் கரிசலில் சித்திரை மாசம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எங்களுக்குக் கிரிக்கெட் பந்து வெடிப்புக்குள் போய்விட்டால் அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி. கையை விட்டுத் தேடினால் தோள்வரைக்கும் போகும், பந்து வராது, பூரான் வரும். இங்கே பெட்டிகளில் களிமண்ணை நிரப்பி, விளக்கைப் போட்டுக் காயவைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து ஒரு வெடிப்பு விட்டதும் எல்லாரும் கூடிப் படம் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். கயத்தாறு ரோட்டோரம் இது சும்மா கிடக்குமே என்று வாய்வரை வரும், சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. காலமெல்லாம் மிதித்து நடந்த ஒன்று ஏன் பிளக்கிறது என்று முதல்முறையாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

போன மாசம் காப்பி மெஷின் பக்கத்தில் வைத்து மரைக்கே கேட்டார்: "படிப்பு முடிந்தபிறகு இந்த வேலையிலேயே இன்னும் ஒரு வருஷம் இருக்க விருப்பமா?" அதைத்தான் நான் ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததை அப்படியே சொல்லிவிட்டால் நம் ஊர் என்ன ஆவது? தலையை ஒருபக்கம் சாய்த்து, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? என்னைவிடத் தகுதியான ஆட்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்" என்றேன். கோவில்பட்டியில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இன்னொருதரம் கேளுங்கள் என்பது. மரைக்கே, "இப்படித் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்று சொல்லி, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாய்த்த தலையை நிமிர்த்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் அறை வழியாகத் தேவையில்லாமல் நடந்தேன். மண் பெட்டியை இங்கிருந்து அங்கே தூக்கிப் போனேன், பிறகு அங்கிருந்து இங்கே. அவர் கேட்டதெல்லாம், "முதுகு வலிக்கவில்லையா?" கடைசியில் வழியனுப்பு விழாவே வைத்துவிட்டார்கள். கேக் வெட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து, "நீ போவது வருத்தம்தான், ஆனால் உன் முடிவை மதிக்கிறோம்" என்றார்கள். நான் எடுக்காத முடிவை இத்தனை பேர் மதித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். விழாவுக்கு வந்திருந்த ப்ராம், கேக்கோடு மூலையில் நின்ற என்னிடம் வந்தான்.

"உனக்கு இங்கே இருக்க வேண்டுமா?"

"வேண்டும்."

"அவர் கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"வேண்டாம் என்றேன்."

ப்ராம் கேக் தட்டைக் கீழே வைத்தான். "நீ இப்போதே அவர் அறைக்குப் போகிறாயா, நான் தூக்கிக்கொண்டு போகட்டுமா?"

போனேன். "எனக்கு அந்த வேலை வேண்டும்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு வெட்கங்கெட்ட வாக்கியத்தை நான் சொன்னதில்லை. மரைக்கே, "வேண்டாம் என்றாயே?" என்றார். "அது முதல் தடவை" என்றேன். அவர் ஆராய்ச்சிக்காரர் இல்லையா, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை தடவை கேட்க வேண்டும்? காப்பிக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு மூன்று, கல்யாணத்துக்குப் பெண் கேட்டால் கணக்கே கிடையாது என்றேன். நிஜமாகவே வேண்டாம் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "தெரியும்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். ஒரு வருஷ வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டதாம். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாசத்துக்கு ஒருவர் வேண்டுமாம். "இருப்பாயா, மாட்டாயா? ஒரே ஒரு தடவைதான் கேட்பேன்." "இருப்பேன்" என்றேன்.

சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தேன். கால்வாய்ப் பாலத்தில் சிவப்பு விளக்கு. படகு ஒன்று போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். இந்த ஊரில் படகு வந்தால் ரோடு எழுந்து நின்று வழிவிடும், ஜனங்கள் முணுமுணுக்காமல் காத்திருப்பார்கள். நானும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது நின்றது. "அப்பாவுக்குக் கண் ஆபரேசன நீ வந்த பெறவு வச்சுக்கிடலாம்னு இருந்தாவ" என்றாள். "கடைய நீ பாத்துக்கிடுவன்னு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அதுக்கென்ன, மெதுவா செஞ்சுக்கிடலாம். அவிய கண்ணு எங்க ஓடியா போவுது. நீ இருக்கணும்னா இருந்துட்டு வா. எங்களுக்கென்ன" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் அம்மா, "சரி, வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அவள் சொன்னது முதல் தடவை. "இல்லம்மா, நான் வந்துருதேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம்ல, இரு" என்று அவள் சொல்லியிருப்பாள். இன்னொருதரம் நான், இன்னொருதரம் அவள். அப்புறம் ஆறு மாசம் என்ன, ஆறு வருஷம்கூட அவள் மனசார விட்டிருப்பாள். நானோ டப்பாவை டப்பென்று மூடிவிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை, வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். என் அக்காவாகத்தான் இருக்கும். "இருன்னு சொன்னதும் சரின்னுட்டாம்ட்டி" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் அப்படித்தான்.

படகு போய்விட்டது. செங்குத்தாக நின்ற ரோடு மெல்லப் படுத்தது. பச்சை விளக்கு விழுந்ததும் பின்னால் நின்றவர்கள் மணியடித்தார்கள். சைக்கிளை எடுப்பதா, ஒதுங்கி நிற்பதா என்று தெரியாமல் பாதையை மறித்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. அம்மாதான்.

"ஏலே, நெசமாத்தான் சொல்லுதியா? வரலயா நீ?"

எத்தனையோ பேர் என்னைச் சுற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார்கள்.

"இன்னொரு தடவ கேளும்மா" என்றேன்.