பின்கொக்கி

அக்கா வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, வாசல் குழாயடியில் துப்பிவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். குடிக்க மாட்டாள். இருபது வருடம் இதைப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு அப்படித் துப்பினால், மறுபடி அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குவது வீடு திரும்பிச் சீருடையைக் கழற்றிய பிறகுதான். சில நாள் அது மாலை நான்கு மணி. சில நாள் எட்டு மணி. வந்ததும் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள்.

"மெதுவா, மெதுவா. ஒட்டகம்கூட நடுவுல மூச்சு விடும்" என்பார் அத்தான்.

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். அக்கா போலீஸ். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சீருடைக்கு இஸ்திரி போடுவது, பித்தளையைத் துலக்குவது, தோலுக்கு மெருகேற்றுவது எல்லாம் என் வேலை. பின்கொக்கியை மாட்டிவிடுவதும் என் வேலை.

அந்தக் கொக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காக்கிக் கால்சட்டை, அதற்குள் செருகிய சட்டை, அதற்கு மேல் நாலு விரல் அகலத் தோல் பெல்ட். வலது தோளிலிருந்து மார்பின் குறுக்கே இடது இடுப்புக்கு வரும் ஒரு தோள்வார். வாரின் ஒரு முனை முன்பக்கம் பெல்ட்டில் மாட்டும். மறுமுனை முதுகுப் பக்கம், கை எட்டியும் எட்டாத இடத்தில், ஒரு பித்தளைக் கொக்கியில் மாட்டும். வாரை எடுக்காமல் பெல்ட்டை எடுக்க முடியாது. பெல்ட்டை எடுக்காமல் கால்சட்டையை இறக்க முடியாது. ஆண்களுக்கு ஜிப் போதும், நின்றபடியே முடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளுக்குக் கொக்கியை மாட்டிவிட ஆள் இருந்ததாம். அக்காவுக்கு வீட்டில் நான் இருந்தேன். வெளியில் யாரும் இல்லை.

தனியாக ஒரு முச்சந்தியிலோ கட்டட வாசலிலோ நிறுத்திவிட்டால், கழிப்பறைக்குப் போய்த் திரும்ப அவளுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் இடத்தை விட்டு நகர்ந்தாலே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

"அப்படின்னா அந்தச் சனியன் புடிச்ச பெல்ட்டு எதுக்கு?" என்று அத்தான் ஒரு தடவை கேட்டுவிட்டார். அன்று அக்கா அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கவில்லை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அக்கா படையில் சேர்ந்தபோது பெண்களுக்கு அந்த பெல்ட் கிடையாது. தொளதொளவென்று ஒரு நீளக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு பாவாடை, அவ்வளவுதான். கைது செய்யப் போனால், பிடிபட்டவனே "நிஜப் போலீசைக் கூட்டிட்டு வாம்மா" என்பானாம். கூட வேலை பார்த்த ஆண்கள் வைத்த பெயர் 'அரைப் போலீஸ்'. பதினொரு பெண்கள் சேர்ந்து மனு மேல் மனுவாகப் போட்டார்கள். மூன்று வருடம் ஒற்றைக் காலில் நின்றுதான் ஆண்களுக்குள்ள அதே சீருடையை வாங்கினார்கள். பெல்ட் வந்த அன்று அக்காவுக்கு இருபத்துநான்கு வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இங்க வா. மோந்து பாரு" என்றாள். புதுத் தோலின் வாசனை. அன்று அவள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவளுடைய கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

நாற்பது வயதை ஒட்டி அக்காவுக்கு அடிக்கடி காய்ச்சல் வர ஆரம்பித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடப்பாள். நான்காவது முறை போனபோது டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்கு மருந்து எழுதி எழுதி என் கைதான் வலிக்குது. தண்ணி குடிக்கணும். வந்தா உடனே போகணும். அடக்கி அடக்கி வச்சா கிருமி மேலே ஏறிடும். இப்பவே ஒரு பக்கம் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டினா ரெண்டு கிட்னியும் கையை விரிச்சிடும்."

"சரிங்க டாக்டர்" என்றாள் அக்கா. மறுநாள் காலை ஐந்தரைக்குக் கொப்பளித்துத் துப்பினாள்.

அந்த வாரம் தோள்வாருக்கு மெருகேற்றும்போது அதன் நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருப்பதைப் பார்த்தேன். மேலே நான்கு, கீழே மூன்று.

"என்னக்கா இது?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலிக்கு இவ்வளவு பெரிய பல்லா?"

சிரித்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். பொதுக் கழிப்பறைக் கதவுகளில் ஆணியோ கொக்கியோ இருக்காது. தரை நனைந்து கிடக்கும். சீருடையின் தோலைத் தரையில் படவிட்டால் குற்றம். அதனால் தாங்க முடியாத நாட்களில், முதுகைக் கதவுத் தாழ்ப்பாளில் தேய்த்துத் தேய்த்துப் பின்கொக்கியை நெம்பிவிடுவாளாம். பிறகு பெல்ட்டைக் கழுத்தில் போட்டு, வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்காருவாளாம்.

"பார்க்கிறதுக்குப் பேயாட்டம் இருப்பேன்டி. ஒருநாள் கதவைத் திறந்த ஒரு கிழவி அலறிட்டு ஓடிட்டா."

அவள் சொன்ன விதத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் செய்தது பெரிய வேலையில்லை. அக்காவிடம் ஒரு பழைய பெல்ட்டும் வாரும் இருந்தன. பின்கொக்கி இருந்த இடத்தை விட்டு, வாரின் பின்முனையை இடது இடுப்புக்கு இழுத்துக் கொண்டுவந்தேன். அங்கே தடி செருகும் தோலுறை தொங்கும். அதற்கடியில் வாரை வெட்டி, இரண்டு பிரஸ் பட்டன் வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். பெல்ட்டின் பின்பாதியைக் கால்சட்டையோடு நாலு இடத்தில் பிடித்துவிட்டேன். முன்னால் பூட்டைத் திறந்தால் பெல்ட் கீழே விழாது, அப்படியே தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதுகில் பழைய கொக்கியும் சும்மா அலங்காரத்துக்கு இருந்தது. நானே மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டனை 'டப்' என்று திறந்தாள், மூடினாள்.

"கெட்டிக்காரிதான்" என்றாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டாள். "ஆனா இதைப் போட்டுட்டு நான் அணிவகுப்புல நிக்க மாட்டேன்."

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய அது, ஒட்டடைக்குச்சி கண்ணில் பட்டுவிட்டது. அக்காவோடு வேலை பார்க்கும் பெண், அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். ஆறடி உயரம், ஒல்லி. ஸ்டேஷனில் வைத்த பெயர் அது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"ஐயோ அக்கா, இதை வச்சுக்கிட்டா நீங்க பல்லால கடிச்சிட்டுத் திரியுறீங்க? எனக்கு ஒண்ணு தச்சுக் கொடும்மா, உன் கையைக் கண்ணுல ஒத்திக்கிறேன்."

அவள் வாய் சும்மா இருக்காது. ஒரு மாதத்துக்குள் எட்டுப் பெண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். அனுமதியில்லாமல் தைக்கக் கூடாது என்று அக்கா மறித்துவிட்டாள். ஒட்டடைக்குச்சி விடவில்லை, எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினாள். அக்கா கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சமயம் சீருடை விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டிருந்தார்கள். பெண்களில் மூத்தவர் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். மனு கொடுத்தவள் என்று ஒட்டடைக்குச்சியை. மாதிரியைக் கொண்டுவரச் சொல்லி என்னையும்.

மாதிரியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். அதோடு அக்காவுக்குத் தெரியாமல் டாக்டரம்மா எழுதிய சீட்டையும் வைத்துக்கொண்டேன்.

நீளமான அறை. நீளமான மேஜை. அதன் ஒரு பக்கத்தில் ஐந்து அதிகாரிகள், ஐந்து பேரும் ஆண்கள். சுவரில் பழைய காலத்துப் படைகளின் படங்கள், எல்லோர் மார்பிலும் அந்த வார். நான் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். நாங்கள் போகும்போது ஆண் போலீசாரின் தொப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குக் கனம் குறைந்த துணி வைக்கலாம் என்று இரண்டே நிமிடத்தில் முடிவானது.

பிறகு வாரின் முறை வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி நரைத்த மனிதர், சத்தமாகப் பேசாதவர்.

"இந்தப் படை ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த வார் இருக்கு. எங்க அப்பா போட்டார், நான் போட்டேன். தெருவுல நூறு பேர் கத்திக்கிட்டு நிக்கும்போது இந்த வாரைப் பார்த்துத்தான் ஒதுங்குறாங்க. இதுல பட்டன் வச்சா அது பொம்மை."

"இன்னிக்குப் பட்டன் கேப்பாங்க, நாளைக்குத் தொப்பிக்கு ஜன்னல் கேப்பாங்க" என்றார் இன்னொருவர். மேஜையின் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

ஒட்டடைக்குச்சி மட்டும் விறைப்பாக நின்று, "சார், கழிப்பறைக்குப் போக முடியலைங்க சார்" என்றாள். சிரிப்பு நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் காகிதத்தைப் புரட்டினார்.

பெரிய அதிகாரி அக்காவைப் பார்த்தார். கிண்டலாக இல்லை, மரியாதையாகவே கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. பதினெட்டு வருஷமா போட்டிருக்கீங்க. முதல் தடவை இதைக் கேட்டு வாங்கினவங்கள்ல நீங்களும் ஒருத்தர்னு ஃபைல்ல இருக்கு. கஷ்டமா இருக்கா?"

அக்கா குதிகால்களைச் சேர்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று காலை நான் மாட்டிய கொக்கி அதில் பளபளத்தது.  சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் ஓடியது.

"கஷ்டம் ஒண்ணுமில்லைங்க சார்."

"பார்த்தீங்களா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தைச்ச பொண்ணு நீதானா? ஏதாவது சொல்லணுமா?"

என் மடியில் பை இருந்தது. பைக்குள் சீட்டு இருந்தது. எழுந்து நாலடி நடந்து மேஜையில் வைத்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அறை முழுக்க என்னைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

வெளியில் வந்ததும் ஒட்டடைக்குச்சி அக்காவை நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, விசிலை முழுங்கிட்டீங்களா? ஒரு வார்த்தை! எங்களை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டீங்களே!"

அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "முடியலன்னு சொன்னா, பட்டன் வச்சுத் தர மாட்டாங்கடி. அப்ப உங்களுக்கு பெல்ட்டே வேணாம், கோட்டைப் போட்டுக்கிட்டு ஃபைல் அடுக்குங்கன்னு சொல்லுவாங்க. அவங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"டாக்டர் சொன்னது?"

"உன் பையில இருந்துச்சே. நீ ஏன் கொடுக்கல?"

அவளுக்குத் தெரிந்திருந்தது.  அந்த மாதிரி பைக்குள்ளேயே கிடந்தது, நானும் வெளியில் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. குழு எழுதியதில் எங்கள் மனுவுக்கு ஒரே வரி: அனுபவமுள்ள பெண் காவலரின் கருத்தைக் கேட்டு நிராகரிக்கப்பட்டது.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம். ஒரு பெரிய ஊர்வலத்தன்று அக்காவைப் பாலத்தின் மேல் நிறுத்தியிருந்தார்கள். பத்து மணி நேரம், நிழல் இல்லாத இடம். ஊர்வலம் கடந்து, கூட்டம் கலைந்து, எல்லோரையும் வண்டியில் ஏறச் சொன்னபோது அக்கா ஏறவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் உப்பியிருந்தது. இரண்டு நர்ஸ்கள் அவள் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்கடி திறக்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியல. கத்தரி எடு."

கத்தரி அந்தத் தோலில் ஏறவில்லை. நான் அவர்களை விலக்கிவிட்டு, அக்காவை ஒருக்களித்துப் புரட்டி, கையை உள்ளே விட்டுப் பின்கொக்கியைக் கழற்றினேன். பிறகுதான் அவர்களால் கால்சட்டையை இறக்கிக் குழாய் போட முடிந்தது. மூன்று சொட்டு வந்தது, தேன் நிறத்தில். டாக்டரம்மா வந்து பார்த்தார். அவர் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. என்னைப் பார்க்காமல், பின்னாலேயே வந்து நின்ற அத்தானிடம் சொன்னார். இரண்டு பக்கமும் போய்விட்டது, இனி மிஷின்தான் என்று.

நாலு மாதத்தில் உடல் தகுதியில்லை என்று அவளை ஓய்வில் அனுப்பினார்கள். பெல்ட்டையும் வாரையும் ஒப்படைக்க நான்தான் போனேன். வாங்கிக்கொண்டவர் நுனியில் இருந்த பல் தடத்தைத் தடவிப் பார்த்து, 'சேதம்' என்று எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் ஒட்டடைக்குச்சி ஒரு காகிதத்தோடு வந்தாள். உட்காராமலே படித்தாள். "புதிய வாகனங்களின் இருக்கைகளுக்குப் பின்கொக்கியால் ஏற்படும் சேதத்தைக் கருத்தில் கொண்டு, தோள்வார் அணியும் முறை இத்துடன் கைவிடப்படுகிறது. ஆண், பெண் இரு பாலரும் இரண்டு விரல் அகல பெல்ட் மட்டும் அணிவர்."

கட்டிலில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறந்தாள். "எதுக்குன்னு போட்டிருக்கு? திரும்பப் படி."

ஒட்டடைக்குச்சி திரும்பப் படித்தாள்.

"வண்டி சீட்டு கிழியுதாம்" என்றார் அத்தான், வாசலில் நின்றபடி.

"காது கேக்குதுங்க எனக்கு" என்றாள் அக்கா. ஒட்டடைக்குச்சியின் இடுப்பில் இருந்த புது பெல்ட்டைச் சற்று நேரம் பார்த்தாள். "நல்லா இல்லடி. பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் இருக்க" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒட்டடைக்குச்சி அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழவில்லை.

இப்போது அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் அவளுக்கு மிஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். நான் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தவில்லை, அத்தானுடையதும் பொருந்தவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலில் அவள் நூற்றுப் பதினேழாவது ஆளாக இருக்கிறாள்.