டெக்னீசியன் கையெழுத்து

திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் முந்நூறு ஏக்கரை வளைத்துக் கம்பிவேலி போட்டு, வரிசை வரிசையாகச் சோலார் தகடுகளை நட்டிருந்தது கம்பெனி. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. நல்லகாமன் நாலு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருந்தார். மற்ற வீடுகளிலிருந்து காவலுக்கு ஓர் ஆளோ, தகடு கழுவ ஒரு பெண்ணோ போனார்கள். நல்லகாமனின் மகள் தாமரைச்செல்வி மட்டும் அதற்கென்று படித்துவிட்டுப் போனாள்.

விளாங்குடியில் ஆறு மாதப் பயிற்சி. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். நாற்பது பேர் படித்த வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். தகட்டை இணைப்பது, மீட்டர் வைத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது, எர்த்து போடுவது எல்லாம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டன. தேர்வில் முதலாவதாக வந்தாள். சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டுதான் கம்பெனி வாசலுக்குப் போனாள்.

சைட் இன்ஜினியர் ஜெயந்த் திருநகர்க்காரன். முப்பது வயதுகூட இருக்காது. சான்றிதழை முழுதாகப் படித்துப் பார்த்தான். டெக்னீசியன்களைத் தலைமை ஆபீஸ்தான் காண்ட்ராக்டில் அனுப்புகிறது, தன் கையில் ஒன்றுமில்லை என்றான். இப்போதைக்குக் கழுவுகிற குழுவில் சேர்ந்துகொள்ளச் சொன்னான்.

"ஆறு மாசத்துல மாத்திடலாம். ஆனா ரெக்கார்டுல உங்கள டெக்னீசியன்னே போட்டுக்கறேன். எத்தன லேடி டெக்னீசியன்னு மேல கேக்கறாங்க."

சம்பளம் கழுவுகிறவளுக்கு உண்டானது. தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'பாதுகாப்பு சரிபார்க்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கீழே டெக்னீசியன் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுதுவது தாமரைக்குப் பிடித்திருந்தது. பின்னால் இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது அவள் அதை மறைக்கவில்லை. "அந்த ஒரு எடத்துலதாண்ணே என்னய அப்பிடிப் போட்டிருந்தாங்க" என்றாள்.

ஆறு மாதம் இரண்டு வருடமானது. எட்டுப் பெண்கள் விடியற்காலையில் நீளக் கம்பில் கட்டிய துடைப்பானோடு வரிசைக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். பாம்புக்குப் பயந்து ஆளுக்கொரு மூங்கில் கம்பும் வைத்திருப்பார்கள். அந்த எட்டுப் பேரில் மூத்தவள் ஒச்சாயி, பக்கத்துத் தெரு. தாமரை அவளை அத்தை என்று கூப்பிடுவாள். தாமரை சொல்லாமல் ஒச்சாயி எந்தத் தகட்டிலும் கை வைக்க மாட்டாள்.

ஜெயந்த் அவ்வப்போது மீட்டரைக் கொடுத்து, இந்த வரிசையில் என்ன கோளாறு, பாருங்கள் என்பான். தாமரை கண்டுபிடித்துச் சொல்வாள். ரிப்போர்ட்டை அவன் தன் பெயரில் எழுதி அனுப்புவான். வேலையை மாற்றுவது பற்றிக் கேட்டால் அடுத்த மாதம் என்பான்.

போன பங்குனியில் புல் வெட்டுகிற இயந்திரம் பதினேழாம் வரிசையில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக் கம்பியை அறுத்துப் போட்டுவிட்டது. அதைத் தாமரைதான் முதலில் பார்த்தாள். குனிந்து பார்த்தபோது, தகட்டுக்கு அடியில் ஒரு வயரின் தோலையும் அணில் கடித்திருந்தது. உடனே போய்ச் சொன்னாள். ஆர்டர் போட்டிருக்கிறேன், சாமான் வர நாலைந்து நாளாகும் என்றான் ஜெயந்த். அதுவரை அந்த வரிசைப் பக்கமே போகாதீர்கள் என்று தாமரை பெண்களிடம் சொல்லிவைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஜெயந்த் அவனே வந்து நின்றான். தூசி படிந்து அந்த வரிசையில் உற்பத்தி இறங்கிவிட்டதாம், சென்னையிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டதாம், இன்றைக்குக் கழுவியே ஆக வேண்டுமாம். தாமரை முடியாது என்றாள்.

"ஆஃப் பண்ணியாச்சு. படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஆரம்பிங்க" என்றான்.

பெட்டியில் சுவிட்சை இறக்கலாம். ஆனால் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை தகட்டில் மின்சாரம் வரும், அதை அணைக்க முடியாது. வகுப்பில் அவள் முதல் வாரமே படித்தது அது. அவனுக்கும் தெரியும். ஆனால் அப்போது இருட்டு விலகியிருக்கவில்லை. வெயில் வருவதற்குள் முதல் வேலையாக அந்த வரிசையை முடித்துவிடலாம் என்று தாமரை கணக்குப் போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

கழுவத் தண்ணீர் கொண்டுவரும் லாரி அன்றைக்கு வந்து சேரும்போது மணி எட்டரை. வெயில் சுள்ளென்று அடித்தது. இனி வேண்டாம் என்று ஜெயந்திடம் சொல்லத் தாமரை வாசல் ஆபீசுக்கு நடந்தாள். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டாள், பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. யாரோ சீக்கிரம் முடியுங்கள் என்று அதட்டியதில் ஒச்சாயி பதினேழாம் வரிசையில் இறங்கி, ஈரக் கையால் தகட்டின் சட்டத்தைப் பிடித்திருந்தாள். பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

தாமரை ஓடினாள். ஒச்சாயியைத் தொடப்போன இன்னொருத்தியைத் தள்ளிவிட்டு, காய்ந்த மூங்கில் கம்பால் ஒச்சாயியின் முழங்கையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் கை விடுபட்டது. உயிர் பிழைத்தாள். வலது உள்ளங்கை வெந்து, மூன்று விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

பத்து நாள் கழித்து விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து வந்த கோட்டுப் போட்ட ஒருவர் படிவத்தைத் தாமரை முன்னால் வைத்து, இது உன் கையெழுத்துதானே என்று கேட்டார். தாமரை ஆமாம் என்றாள். தான் டெக்னீசியன் இல்லை, கழுவுகிறவள், சம்பளச் சீட்டைப் பாருங்கள் என்றாள். பயிற்சி பெறாதவளாக இருந்தால் கம்பால் அடித்துக் காப்பாற்ற வேண்டுமென்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார் அவர். சான்றிதழின் நகலும் அவர் கோப்பில் இருந்தது.

தாமரை ஜெயந்தைப் பார்த்தாள். அறுந்த கம்பியைப் பற்றித் தான் சொன்னதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். வாயால் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை, எழுத்தில் எதுவும் வரவில்லை என்றான். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வெளியே வந்தபோது பைக் நிறுத்துமிடத்தில் அவளுக்காகக் காத்திருந்தான். "எனக்கு வேற வழி தெரியல, தாமரை. வீட்டுக்கு நான் ஒருத்தன்தான்" என்றான்.

"எங்க வீட்டுலயும் நான் ஒருத்திதான் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றைக்கே வேலை போயிற்று. அடுத்த மாதம் ஜெயந்துக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல், பதவி உயர்வோடு.

வேறு சோலார் கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். பெயரைச் சொன்னதும் விபத்தைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது திருமங்கலத்தில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறாள்.

ஊரிலும் கதை வேறுமாதிரி ஆகிவிட்டது. படித்த பிள்ளை பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டது என்றார்கள். ஒச்சாயியின் மகன் அழகுராஜா, தாமரை எதிரே வந்தால் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவான். தொழிலாளர் ஆபீசில் வழக்குப் போடலாம் என்று நல்லகாமன் சொன்னார். அதற்கு ஒச்சாயி சாட்சி சொன்னால் போதும். தாமரை கேட்கப் போனாள்.

ஒச்சாயி மடங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நீ அந்தப் பக்கம் போகாதன்னு சொன்ன. எனக்குத் தெரியாதா? ஆசுபத்திரியில பேப்பர் கொண்டாந்தாங்க ஆத்தா. டெக்னீசியன் கவனக்கொறவுன்னு எழுதியிருக்காம். கைநாட்டு வச்சாத்தான் வைத்தியச் செலவுன்னாங்க. இடது கையால வச்சேன்."

தாமரைக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை. ஒச்சாயியின் தலைமுடி வாரப்படாமல் சிக்கலாகக் கிடந்தது. இடது கையால் அவளுக்கு வார வரவில்லை. தாமரை சீப்பை எடுத்து, பின்னால் உட்கார்ந்து, சிக்கெடுத்து வாரிக் கொண்டை போட்டுவிட்டாள். இருவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் தாமரை ஒச்சாயி வீட்டுக்குப் போகிறாள். தலை வாரி முடித்து அவள் கிளம்பும்வரை அழகுராஜா வீட்டுக்கு வராமல் தெருமுனையில் நிற்கிறான். அவள் தன் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறான்.