ஆட்டுக்குத் தரை, சைக்கிளுக்குக் கூரை

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம் கேரேஜைக் கழுவுவது தலாந்தாவின் வேலை. வீட்டு அங்கியின் விளிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சோப்புத் தண்ணீரை வாளி வாளியாக வீசி, துடைப்பத்தால் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் கைரவான் நகரத்தில் அந்த வாரம் தெருவுக்குத் தெரு இதே சத்தம்தான். கார் வெளியே போகும், ஆடு உள்ளே வரும்.

இந்த வருஷம் ஆடு இரண்டு. அவள் கணவன் மூல்தியின் தம்பி லஸ்ஹர் வேறொரு தெருவில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். போன வருஷம் ஆட்டைக் குளியலறையில் கட்டிவைத்தான்; அது கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் போலீஸுக்கே போன் போட்டுவிட்டார். அதனால் அவன் ஆடும் இங்கேதான். ஆனால் கேரேஜின் பாதியைச் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மூல்தி வேலைக்குப் போவது ஒன்று, மகள் அஹ்லாம் கல்லூரிக்குப் போவது ஒன்று, தலாந்தாவுடையது ஒன்று. மொட்டைமாடியில் போட்டால் வெயிலுக்கு டயர் வெடிக்கும். ஆட்டுக்குப் பக்கத்தில் விட்டாலோ சீட்டைக் கடித்துத் தின்றுவிடும்.

"உன்னுத லஸ்ஹருக்குக் குடுத்துரு," என்றான் மூல்தி. "சந்தைக்குப் போக ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கிறான்."

"உன்னுதக் குடேன்."

"நான் வேலைக்குப் போக வேணாமா?"

"நான் மட்டும் தினமும் எங்க போறேன்? ஹம்மாம் குளியலுக்கா?"

தலாந்தா பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சமைக்கிறவள். பள்ளியை ஊரின் மறுகோடிக்கு மாற்றியபோது அவளுக்கு ஐம்பது வயது. பஸ்ஸுக்குக் காத்து நின்றால் மக்ரோனி வேகாது, பிள்ளைகள் தட்டைத் தட்டும். அஹ்லாமைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மைதானத்துச் சுவரோரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் எங்கள் தெருவே சிரித்தது. அவள் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்ததால் எங்களுக்குச் சீக்கிரமே அலுத்துப்போய்விட்டது. பிறகு காலையில் அவள் மணியடித்துக்கொண்டு போவது பால்காரன் வருவது மாதிரி ஆகிவிட்டது. முன்கூடையில் வெங்காயம், கொத்தமல்லி; சில நாள் பக்கத்துவீட்டுப் பூனை. அந்தச் சைக்கிளைத்தான் கொடுத்துவிடு என்கிறான்.

தலாந்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் நடுவில் இரும்புக் கொக்கி ஒன்று தொங்கியது. பெருநாளன்று அறுத்த ஆட்டைத் தொங்கவிட்டுத் தோல் உரிக்கிற கொக்கி. இங்கே வீடு கட்டும்போது ஜன்னலை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

"மேல மாட்டிடலாம்," என்றாள்.

"பெருநாள் கொக்கியிலயா? அஸ்தஃபிருல்லா!"

"வருஷத்துல ஒரு அரைநாள் வேலை அதுக்கு. மிச்ச நாளெல்லாம் அது என்ன பண்ணுது, நோன்பா வைக்குது? பெருநாள் அன்னைக்கு நானே இறக்கித் தரேன்."

மூல்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினான். "சரி. மாட்டு. ஆனா பெருநாளைக்குள்ள ஒரு சைக்கிள் கீழ விழுந்தாலும் உன்னுது லஸ்ஹர் வீட்டுக்குப் போகுது. சம்மதமா?"

"சம்மதம்."

தெருமுனை வெல்டர் ஷெத்லி வந்து இன்னும் இரண்டு கொக்கி அடித்தான். மூன்று கொக்கியிலும் கிணற்று ராட்டினம் மாதிரி ஒவ்வொரு கப்பி மாட்டினான். கயிற்றை இழுத்தால் சைக்கிள் மேலே போகும். கயிற்றின் நுனியைச் சுவரிலுள்ள வளையத்தில் கட்டிவிட வேண்டும். தலாந்தா நைலான் கயிறு வாங்கிவந்து தானே கட்டினாள். அவள் சைக்கிள் முதல்முதலாகக் கூரைக்கு ஏறியபோது, பார்க்க வந்திருந்த பெண்கள் நாங்கள் மணப்பெண் இறங்கியதுபோல் குலவையிட்டோம். கூடையை எடுக்க மறந்திருந்தாள். வெங்காயம் ஒன்று ஷெத்லியின் தலையில் விழுந்தது.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் மூல்தி தன் சைக்கிளின் கயிற்றை மட்டும் மாற்றினான். நைலான் வழுக்குமாம். அவன் அப்பா காலத்து ஹல்ஃபா கயிறு பரணில் இருந்தது. மலைச்சரிவில் விளைகிற ஹல்ஃபா புல்லில் முறுக்கியது. ஒட்டகத்தையே கட்டலாம் என்பான். முடிச்சுப் போட்டு, இரண்டு முறை தொங்கிப் பார்த்து, திருப்தியோடு போனான். அன்று சாயங்காலமே ஆடுகள் வந்தன. லஸ்ஹர் தன் ஆட்டைக் கயிறுகள் கட்டியிருந்த வளையத்துப் பக்கத்திலேயே கட்டினான்.

பெருநாளுக்கு முந்தைய நாள் மதியம் தலாந்தா அடுப்படியில் நின்றாள். லஸ்ஹர் கூடத்தில் அண்ணனோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கேரேஜில் தடாலென்று ஒரு சத்தம். தலாந்தாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் போய்விட்டது. எல்லோரும் ஓடினார்கள்.

தவிட்டு மூட்டை மேல் ஒரு சைக்கிள் கிடந்தது. லஸ்ஹரின் ஆடு கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, சைக்கிளை மாலையாகப் போட்டுக்கொண்ட பெரிய மனுஷன் மாதிரி நின்றது. வாய் மட்டும் நிதானமாக அசைபோட்டது. உதட்டோரம் ஒரு துண்டு ஹல்ஃபா.

"அண்ணி, பேச்சு பேச்சுதான்," என்றான் லஸ்ஹர். அண்ணன் போட்ட பந்தயம் அவனுக்கும் தெரிந்திருந்தது. "ஒண்ணு விழுந்துருச்சு."

தலாந்தா நிமிர்ந்தாள். மேலே பார்த்தாள். அவளுடையதும் அஹ்லாமுடையதும் அசையாமல் தொங்கின. கீழே கிடப்பதைப் பார்த்தாள். பிறகு வளையத்தில் எஞ்சியிருந்த நுனியை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இது நான் கட்டின கயிறா, தம்பி?"

லஸ்ஹர் கயிற்றைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "அண்ணே... ஆட்டுக்கு முன்னாடி புல்லையா கட்டி வெச்சே?"

"முடிச்சு சரியாத்தான் போட்டிருந்தேன்," என்றான் மூல்தி.

"முடிச்சு இப்பவும் சரியாத்தான் இருக்கும்," என்றாள் தலாந்தா. "ஆட்டு வயித்துக்குள்ள."

லஸ்ஹர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூல்தி முகத்தை இறுக்கிப் பார்த்தான், முடியவில்லை, தோள் குலுங்கியது. மூன்று பேருமாக ஆட்டின் கொம்பைத் திருப்பித் திருப்பிச் சைக்கிளைக் கழற்றினார்கள். ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. மூல்தி மிச்ச ஹல்ஃபாவை அவிழ்த்து இரண்டு ஆடுகளுக்கும் பிரித்துப் போட்டான். நைலான் கயிற்றைத் தேடி எடுத்து, கோணல் சைக்கிளை மேலே ஏற்றி, கயிற்று நுனியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கட்டினான். யாரும் சொல்லாமலே மற்ற இரண்டின் முடிச்சுகளையும் அதே உயரத்துக்கு மாற்றினான். தலாந்தாவுடையதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்போ லஸ்ஹர் வீட்டுக்கு யாரோட சைக்கிள் போகுது, மனுஷா?"

மூல்தி கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு கேரேஜை விட்டு வெளியே போனான்.