ஆரஞ்சு ஜாக்கெட்டின் பின்னால்

பனிச்சறுக்கு உனக்கு ஒரு பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எர்ரோல் டன்ஸ்டனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பால் கறக்கும் இயந்திரங்களை ரிப்பேர் பார்த்தது பிழைப்புக்கு. மனுஷன் வாழ்ந்ததெல்லாம் மலையில்தான். ஒன்பது வயதில் டவுன் ஹாலில் முதல் சறுக்குப் படம் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அறுபத்தெட்டு வயதிலும் தெளியவில்லை. அந்தத் தெற்கு நாட்டில் குளிர்காலம் ஜூனில்தான் தொடங்கும். வருஷா வருஷம் மே மாதம், பனி விழும் முன்னால், அதே ஹாலில் புதுப் படம் போடுவார்கள். அம்மா செத்த வாரம்கூட அவர் போகாமல் இருந்ததில்லை.

படத்தில் தானும் வர வேண்டும் என்ற ஆசை வேறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவருடைய சறுக்கு கிளப்பின் மலைக்கு ஒரு படக்குழு வந்தபோது, காமிராவுக்குக் குறுக்கே பதினோரு தடவை சறுக்கிக்கொண்டு போனார். ஹாலில் பார்த்தால் வந்திருந்தது முழங்கை மட்டும். அதற்கப்புறம் மனைவி நோலீன் அவரைக் கூப்பிடுவதே முழங்கை ஹீரோ என்றுதான்.

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் வந்து உட்கார்ந்தது வினை. கிரைஸ்ட்சர்ச் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"நடுப்பார்வை போயிடுச்சு, மிஸ்டர் டன்ஸ்டன். ஓரத்துல தெரியும். நேரா பார்த்தா ஒரு கறைதான் இருக்கும். இனி திரும்ப வராது."

"சறுக்கலாமா?"

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்திருக்க வேண்டும். அந்த முகம் இருந்த இடத்தில் எர்ரோலுக்குச் சாம்பல் நிறம்தான் தெரிந்தது.

வெளியே காத்திருந்த நோலீனிடம், "கண்ணாடி பவர் மாறியிருக்காம்" என்றார். முட்டி வலி என்று சொல்லிக் கார் ஓட்டுவதை அவள் தலையில் கட்டினார். பேப்பரை நீட்டினால் கண்ணாடியைக் காணோம் என்பார். பொய்க்கு மேல் பொய். எல்லாம் எதற்கு? கிளப் கமிட்டிக்குத் தெரிந்தால் அவரை மேலே இழுத்துப் போகும் மலைக்கயிற்றின் பக்கமே விட மாட்டார்கள். சறுக்கலும் போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கிற சாக்கில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்.

அப்படியிருந்தும் ஆகஸ்டில் மலை ஏறிவிட்டார், அடங்காத மனுஷன். மேலே போக, ஓடுகிற கயிற்றில் இடுப்பு வாரின் இரும்புப் பிடியை மாட்ட வேண்டும். பாக்குவெட்டி என்றுதான் அதற்குப் பெயர். விரல் சிக்கினால் போச்சு. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாக மாட்டியது. இறங்கத்தான் வழி தேட வேண்டியிருந்தது. நோலீனின் ஜாக்கெட் பளீர் ஆரஞ்சு. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் வெள்ளைக்கு நடுவே அந்த நிறம் தெரியும். அது திரும்பினால் இவரும் திரும்புவார், நின்றால் நிற்பார்.

மூன்றாவது சனிக்கிழமை உச்சியில் நோலீன் பூட்ஸை இறுக்கக் குனிந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆரஞ்சு நகர்ந்தது. எர்ரோல் அதன் பின்னால் போனார்.

அது படம் எடுக்க வந்திருந்த குழுவின் ஆள், இருபத்திரண்டு வயசுப் பையன். அவன் இறங்கியது இரண்டு பாறைகளுக்கு நடுவே செங்குத்தாகப் போகும் சந்தில். கிளப்பில் புத்தி உள்ள எவரும் எட்டிக்கூடப் பார்க்காத இடம். காலுக்குக் கீழே சரிவு விலகியபோதுதான் முன்னால் போவது நோலீன் இல்லை என்று உறைத்தது. ஐயோ என்று கத்தக்கூட நேரமில்லை. இரண்டு பக்கமும் பாறை விரைந்தது. எப்படியோ மூன்று தடவை திரும்பினார். நாலாவதில் உருண்டார்.

கீழே படக்குழுப் பையன்கள் தூக்கி நிறுத்தினார்கள். "பெருசு, செம! உயிர் மேல ஆசையே இல்லையா உங்களுக்கு?"

சுற்றி வந்து சேர்ந்த நோலீன் பொரிந்து தள்ளினாள். "யோவ் கிழவா, காமிராவைக் கண்டா புத்தி கெட்டுடுமா? உன் எலும்பைப் பொறுக்க நான் கூடையோட வரணுமா?"

"முழங்கையைத் தாண்டி வரணும்ல?" என்று பல்லைக் காட்டினார்.

அடுத்த மே மாதம் ஹால் நிரம்பி வழிந்தது. எர்ரோல் முழுசாகப் பதினோரு நொடி வருகிறாராம் என்று ஊரே பேசியது. மைக்கில், "அடுத்து நம்மாளு எர்ரோல்!" என்றார்கள். விசில் பறந்தது. நோலீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எர்ரோல் திரையை நேராகப் பார்த்தார். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாறை. நடுவில், தான் இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பாழாய்ப்போன கறை. முகத்தைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பினால் தன்னைப் பார்க்கலாம். ஆனால் நோலீன் திரையை ஒரு தரமும் இவர் முகத்தை ஒரு தரமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் குட்டு உடைந்துவிடும். இனி மலை கிடையாது. திரும்பாவிட்டால் ஆயுசுக்கும் ஆசைப்பட்டது கண்ணெதிரே ஓடி முடிந்துவிடும். நொடிகள் போய்க்கொண்டிருந்தன. அவரால் தாங்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பினார்.

ஓரத்தில் தெரிந்தது. கறுப்பாக ஒரு சின்ன உருவம், குனிந்து, ஒரு திருப்பம், இன்னொன்று. நன்றாகத்தான் இறங்கியிருக்கிறான் கிழவன்! அப்புறம் உருண்டது. ஹாலே எழுந்து கை தட்டியது.

நோலீன் எழவில்லை. "செவுத்துல என்னத்தப் பார்த்த?"

அவள் தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "இங்க பாரு. என் முகம் தெரியுதா?"

"இல்ல."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. கமிட்டிக்குச் சொல்லிடாத நோலீன், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இந்த ஒரு சீசன் மட்டும். உன் ஜாக்கெட்டுக் கலர் தெரியும். போன சீசன்லயும் அதைப் பார்த்துத்தான் இறங்கினேன்."

நோலீன் அவர் கையை விட்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து என்னை விட்டுட்டு முன்னாடி பறந்த ஆளு நீ. போன சீசன் பூரா என் பின்னாடியே வந்தியே, கிழவனுக்கு இப்பதான் என் மேல ஆசை வந்திருக்குன்னு என் தங்கச்சிகிட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேய்யா."