ஏரிக்கரை மேடு

ஒஸ்லோவுக்கு வெளியே, ஏரிக்கரை முகாமில் கூடாரத்தை விரித்ததும் புதுத் தறப்பாளின் மணம் எழுந்தது. "அப்பா, இந்த மேடுதான் நல்ல இடம். நாங்கள்தானே முதல் வந்தனாங்கள்?" என்றாள் மகள்.

எனக்கு ஏழு வயதில், போரில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு குளக்கரையில் தங்கியிருந்தோம். முதலில் போய்ச் சேர்ந்ததால் எங்களுக்கு மேட்டு நிலம் கிடைத்தது. கைக்குழந்தையோடு பிந்தி வந்த மலர் அக்கா பள்ளத்தில் தறப்பாள் கூடாரம் கட்டினார். அடைமழையில் பள்ளம் நிரம்பியது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவர்களைக் கூட்டி வந்தார். நான் நனையாமல் நித்திரை கொண்டிருந்தேன். குழந்தை காய்ச்சலில் போய்விட்டது.

"பொழுதுபடவே மேட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம்," என்று அம்மா நெடுநாள் அரற்றினார்.

மகள் மேட்டின் நடுவில் கூடார முளை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி அடி, பிள்ளை. பின்னாலை ஆரும் வருவினம்."